இத்தாலியின் நாட்டுத் திராட்சைகள்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையைச் சுவைத்தவர் அதன் மணத்தை எளிதில் மறவார். வேற்று மாநிலச் சந்தைகளில் பச்சைத் திராட்சையைக் காணும்போதெல்லாம் நமக்கு அதன் நினைவு வருவது இயல்பே. ‘மஸ்கட் ஹாம்பர்க்’ எனப்படும் அவ்வினத்தின் பெற்றோர் இரண்டும் இன்றும் இத்தாலியில் வளர்கின்றன. ஒன்று, ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் உள்ள ஸ்கியாவா. மற்றது, சிசிலிக்கும் துனீசியாவுக்கும் இடையே கிடக்கும் பாந்தெல்லேரியாத் தீவின் ஸிபிப்போ.

உலர்ந்த திராட்சையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் திரிபே ஸிபிப்போ. அத்தீவில் ஓயாது காற்று வீசும். ஆதலின் உழவர் குழி பறித்து, அதனுள் கொடியைக் குட்டையாகக் கவாத்துச் செய்து வளர்க்கின்றனர். பழங்களை வெயிலில் வாட்டி இனிய மது வடிக்கின்றனர். இச்சாகுபடி முறையை 2014-இல் யுனெஸ்கோ மானிட மரபுச் செல்வமாக ஏற்றது. மது அருந்தாத நமக்கும் இது கேட்கத்தக்க உழவுக் கதையே.

இத்தாலியில் இத்தகைய நாட்டினங்கள் பல நூறு உண்டு. பியெமோன்தேயில் நெபியோலோ, தொஸ்கானாவில் சாஞ்சொவேஸே, எத்னா எரிமலைச் சரிவில் நெரெல்லோ மஸ்கலேஸே என ஒவ்வொரு நிலத்துக்கும் ஓரினம். ‘நெபியா’ என்றால் மூடுபனி; அப்பனி இறங்கும் அக்டோபரில் பழுப்பதால் நெபியோலோ அப்பெயர் பெற்றது என்பர். பரோலோ மது அதனின்றே வடிக்கப்படுகிறது.

இச்செல்வத்துக்குக் கேடும் வந்தது. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பா புகுந்த பிலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி 1879-இல் இத்தாலியிலும் காணப்பட்டது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டியே தோட்டங்களை மீட்க முடிந்தது. மீண்டும் நட்டவர்களோ மகசூல் மிகுந்த இனங்களையே நாடினர். உழவரைக் குறை கூறுவதற்கில்லை, வயிறு முந்தியது. மது வகைகளின் ஊரையும் இனத்தையும் வரையறுக்கும் சட்டம் 1963-இல் வந்தது. ஆயினும், அருகிவந்த இனத்தைச் சட்டம் மட்டும் நட்டுவிடாதன்றோ?

தொர்தோனா நகரையடுத்த குன்றுகளில் திமொராஸ்ஸோ என்னும் வெள்ளை இனம் இருந்தது. பூ உதிரும், விளைச்சல் நிலையாயிராது. எனவே பலரும் அதைக் கைவிட்டனர். வால்தேர் மாஸ்ஸா என்ற உழவர் 1980-களில் எஞ்சிய கொடிகளைப் பேணி, அதனின்று தனியே மது வடிக்கத் தொடங்கினார். நாளடைவில் அயலாரும் அதை நட்டனர். இன்று அம்மதுவை, தம் நகரின் பழம்பெயரான ‘தெர்தோனா’ என்ற பெயரிட்டே விற்கின்றனர்.