கடலுக்குள் ஒரு நடவு

களியக்காவிளைப் பக்கம் மரச்சீனி நடுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பை நறுக்கி ஊன்றினால் துளிர்த்துவிடும். பவளப்பாறையும் அப்படித்தான் என்றால் நம்புவீர்களா? பார்க்கத்தான் கல்; உண்மையில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் கட்டிய வீடு. மீன் குஞ்சுகளுக்குத் தொட்டிலும் அதுதான்.

நமக்குக் கிழக்கே, தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை 21 தீவுகளைச் சுற்றி இந்தப் பாறைகள் உண்டு. அவற்றை வெட்டியெடுத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள், பாவிகள்! தடுப்பு போனதும் அலை அரித்து இரண்டு தீவுகளே மூழ்கிப்போயின. 2001-ல் சட்டம் தடை போட்டது.

தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் உயிருள்ள பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகையில் கட்டி, முங்கிப் போய்க் கடலடியில் வைக்கிறார்கள். கொம்புப் பவளம் வருஷத்துக்குச் சுமார் 10 செ.மீ. வளருமாம். 2010-லும் 2016-லும் கடல்நீர் சூடேறி நிறைய வெளுத்துச் செத்தன. மறுபடி நட்டார்கள்.