கிரிக்கெட் வர்ணனை ஏ.எம்.-இல் இருந்து எஃப்.எம்.-க்கு மாறினால் பள்ளிபாளையத்துக்கு லாபமா, நஷ்டமா?

நைட் ஷிஃப்ட்டில் தறி ஓட்டுகிறவர் மேட்ச்சை டிவியில் பார்க்க முடியாது. கண் நூலில் இருக்கணும், கை தறியில் இருக்கணும். காது மட்டும்தான் ஃப்ரீ. அதனால்தான் ரேடியோ வர்ணனை எந்த அலைவரிசையில் வருகிறது என்பது பள்ளிபாளையம் மாதிரி விசைத்தறி ஊர்களுக்கு முக்கியமான கேள்வி.

ஏ.எம்., எஃப்.எம். என்ன வித்தியாசம்?

மீடியம் வேவ் என்று நாம் சொல்வதுதான் ஏ.எம். இதன் அலை தரையை ஒட்டியே நெடுந்தூரம் போகும். இரவில் வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, இன்னும் தூரத்தில் கேட்கும். கோவை வானொலியின் 999, திருச்சியின் 936 ஆகிய கிலோஹெர்ட்ஸ் எண்கள் கொங்குப் பகுதிக்குப் பழக்கமானது இப்படித்தான்.

எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும். மலை குறுக்கே வந்தால் சிக்னல் பலவீனமாகும். ஆனால் சத்தம் தெளிவாக இருக்கும்.

தறிப்பட்டறையில் எது கேட்கும்?

மோட்டார், ஸ்விட்ச், மின்கம்பி எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் மின் இரைச்சல் ஏ.எம்.-ஐ நேரடியாகப் பாதிக்கும். ஏ.எம்.-இல் அலையின் உயரம்தான் ஒலியைச் சுமக்கிறது. இரைச்சலும் அந்த உயரத்தையே கெடுப்பதால், வர்ணனை கரகரன்னு ஆகிவிடும். எஃப்.எம்.-இல் ஒலி இருப்பது அலையின் அதிர்வெண் மாற்றத்தில். அதனால் மோட்டார் இரைச்சல் அவ்வளவாக ஒட்டாது.

இன்னொரு விஷயம், செல்போன். பல போன்களில் எஃப்.எம். ரேடியோ உண்டு. வயர் ஹெட்செட்டே ஆன்டெனா, டேட்டா செலவு கிடையாது. போன்களில் இந்த வசதியை முடக்கக் கூடாது என்று 2023-இல் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் அறிவுறுத்தியது. ஏ.எம். கேட்க தனி ரேடியோ பெட்டி வேண்டும்.

அப்போ எஃப்.எம்.-க்கே போய்விடலாமா?

இங்கேதான் சிக்கல். 2023 ஏப்ரல் 28 அன்று பிரதமர் மோடி நாடு முழுக்க 91 எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்களைத் தொடங்கி வைத்தார். ஒவ்வொன்றும் 100 வாட். ஒரு சிறு நகரமும் சுற்றுவட்டாரமும்தான் அதன் எல்லை. மலை மேலிருந்து ஒலிபரப்பாகும் கொடைக்கானல் 100.5 பல மாவட்டங்களில் கேட்பதற்குக் காரணம் அதன் உயரம். ஆக, எஃப்.எம். வந்தால் மட்டும் போதாது. டவர் எங்கே, எவ்வளவு சக்தி என்பதுதான் கேள்வி.

தனியார் எஃப்.எம். வர்ணனை தருமா?

அது எளிதல்ல. 2011-இல் வந்த மூன்றாம் கட்ட எஃப்.எம். கொள்கைப்படி, தனியார் நிலையங்கள் விளையாட்டுத் தகவல் சொல்லலாம், உள்ளூர் போட்டிகளை வர்ணிக்கலாம். பெரிய போட்டிகளின் நேரடி ஒலிபரப்புக்கு அனுமதி இல்லை. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளின் சிக்னலை பிரசார் பாரதியுடன் பகிரணும் என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி போன்றோர் வளர்த்த தமிழ் வர்ணனையும் அகில இந்திய வானொலியை நம்பியே நின்றது.

வெளிநாட்டில் என்ன நடந்தது?

நியூயார்க்கின் இ.எஸ்.பி.என். விளையாட்டு வானொலி 2012-இல் ஏ.எம். 1050-இல் இருந்து எஃப்.எம். 98.7-க்குப் போனது. அந்த அலைவரிசை சொந்தமல்ல, குத்தகை. 2024 ஆகஸ்டில் அந்த நிலையம் ஏ.எம். 880-க்கே திரும்பியது. போட்டி நிலையமான டபிள்யூ.எஃப்.ஏ.என். வேறு வழி எடுத்தது. பழைய ஏ.எம். 660-ஐ வைத்துக்கொண்டே, 2012 நவம்பர் முதல் எஃப்.எம். 101.9-இலும் அதே நிகழ்ச்சியைத் தந்தது.

பள்ளிபாளையத்துக்கு எது சரி?

பட்டறைக்குள் வேலை செய்பவருக்கு எஃப்.எம். நிச்சயம் லாபம். டவருக்குத் தொலைவில், மலை மறைவில், பழைய பெட்டியை நம்பி இருக்கும் கிராமத்துப் பெரியவருக்கு ஏ.எம். நின்றால் ரேடியோவே நின்ற மாதிரி. ஆப் இருக்கிறதே என்றால், அதற்கு டேட்டா வேண்டும். விக்கெட் விழுந்த செய்தியும் சில விநாடி தாமதமாகத்தான் வரும்.

எனவே மாற்றுவதை விட, இரண்டிலும் தருவதே பாதுகாப்பான வழி. இந்தப் பகுதி முழுக்க எஃப்.எம். தெளிவாகக் கேட்கிறது என்று உறுதியான பிறகு, ஏ.எம்.-ஐ நிறுத்துவது பற்றிப் பேசலாம்.