சுவரும் வட்டும்

சீகிரியாவின் கண்ணாடிச் சுவரிலே, எட்டாம் நூற்றாண்டு முதலாக யாத்திரிகர் பலர் தத்தம் விருப்பம்போலக் கவிதைகளைக் கீறிச் சென்றனர். வரிசையின்றி நெருங்கிக் கிடந்த அவ்வெழுத்துகளை அரிதின் முயன்று வாசித்த கல்வெட்டறிஞர் செனரத் பரணவிதான, 685 பாடல்களை 1956இல் நூலாக வெளியிட்டார். எழுதுதல் எளிது, எழுதியதைத் தேடியெடுத்தலே அரிது.

கணினியின் நெகிழ்வட்டுக்கும் இது பொருந்தும். காந்தப் பூச்சுடைய அவ்வட்டிலே ஒரே கோப்பு துண்டு துண்டாகப் பல இடங்களிற் பதியக்கூடும். எத்துண்டு எங்கே உள்ளதெனப் பெயர்ப்பட்டியலில் குறித்துவைப்பது வட்டு இயக்குமுறைமையின் தலையாய பணிகளுள் ஒன்றாகும். அமெரிக்கரான கேரி கில்டால் 1974இல் ஆக்கிய சி.பி.எம். இத்தகையது. அதில் ஒரு கோப்பை நீக்கினால், எழுத்துகள் உடனே அழிவதில்லை. பட்டியலில் ஓர் அடையாளம் மட்டுமே இடப்படும். அவ்விடத்திற் புதியது எழுதப்படும்வரை பழையதை மீட்கலாம்.

சீகிரியாவை மனத்திற்கொண்டு 1979இல் ஒரு நாவல் படைத்த ஆர்தர் சி. கிளார்க், 1982இல் வெளிவந்த மற்றொரு நாவலைக் கொழும்பிலே கணினியில் எழுதினார். அதற்குதவிய வேர்ட்ஸ்டார், முதலில் சி.பி.எம். முறைமைக்கென ஆக்கப்பட்டதே. நாவல் முழுவதும் ஐந்து அங்குல வட்டு ஒன்றில் அடங்கி நியூயோர்க் சென்றது. சுவருக்கு இல்லாத பட்டியல், அச்சிறு வட்டுக்கு இருந்தது.