கணக்கப்பிள்ளையும் கதைசொல்லியும்

என்பால் முன்னர் இலக்கணம் பயின்ற அன்பர் ஒருவர், இணையவழியே தம் நண்பர் நால்வரோடு நடத்தும் கதையாட்டமொன்றைக் காணுமாறு சென்ற மாதம் என்னை அழைத்தார். அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கி, 1974 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்பதே அவ்வாட்டம். ஒருவர் கதையை நடத்துவார்; ஏனையோர் அதனுள் வீரரும் மந்திரவாதியருமாய் நின்று, தாம் செய்வன இவையெனக் கூறுவர். வினை கைகூடிற்றா என்பதை இருபது முகமுடைய பகடை தீர்க்கும்.

கதை இனிது; கணக்கோ பெரிது. மந்திரவாதியொருவன் தீயுருண்டை எறிகின்றான் என்க. 2014 ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிப்படி ஆறுமுகப் பகடைகள் எட்டினை உருட்டிக் கூட்டல் வேண்டும். அகப்பட்ட பகைவர் பன்னிருவராயின், ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே பகடை உருட்டி, விலகினார்க்குப் பாதி, விலகாதார்க்கு முழுமை எனப் பகுத்து, அவரவர் உயிர்ப்புள்ளியிற் கழித்தெழுதல் வேண்டும். கதை அதுவரை வாசலிலே காத்து நிற்கும்! 2004 இல் வந்த ஃபேன்டசி கிரவுண்ட்ஸ், 2012 இல் வந்த ரோல்20, 2020 இல் வந்த ஃபவுண்டரி முதலிய மென்பொருள்கள் இச்சுமையை ஒவ்வோரளவில் ஏற்றுக்கொண்டன. அன்பர் வைத்திருந்தது, பொத்தானொன்றை அழுத்தியதும் உருட்டிக் கூட்டிக் கழித்துப் பதிந்தும் விட்டது. நல்ல கணக்கப்பிள்ளைதான்.

ஆயினும் ஒன்று கண்டேன். இளைஞரொருவர், “மணலை அள்ளி அரக்கன் கண்ணில் எறியப்போகிறேன்” என்றார். திரையில் அதற்குப் பொத்தான் இல்லை. சற்றுத் தேடிவிட்டு, “வேண்டாம், வாளாலேயே வெட்டுகிறேன்” என்றார். அன்பர் விடவில்லை. “நீர் பகடையை உருட்டும், மிச்சத்தை நான் பார்க்கிறேன்.” பதினேழு விழுந்தது. அரக்கன் கண்ணைக் கசக்கிக்கொண்டு தடுமாறினான். அன்றைய ஆட்டத்தில் அனைவரும் வாய்விட்டுச் சிரித்த இடம் அதுவொன்றே.

வெண்பாவுக்குத் தளை பார்க்கவும் என் மாணாக்கர் இன்று பொறியை நாடுகின்றனர். பொறி பிழை காட்டும். ஓசை செவியில் ஏறுவதில்லை. கடிந்து பார்த்தேன், பயனில்லை.

மேசையைச் சுற்றியிருந்து ஆடிய நாளில், கதை நடத்துபவர் அட்டை மறைப்பின் பின்னே உருட்டி, புதியவரின் வீரன் முதல்நாளிலேயே மாளாதபடி எண்ணைச் சிறிது தளர்த்துவதும் உண்டு. அது முறையன்று என்பாரும் உளர்; யான் அவருடன் உடன்படேன். இங்கோ, எவரும் வாய்திறக்குமுன் அனைவர் கண்முன்னும் பூச்சியம் விழுந்துவிடுகிறது.

விடைபெறும்போது இதனைச் சொன்னேன். “கூட்டலை அது செய்யட்டும், ஐயா. கழித்தலை மட்டும் அடுத்த கிழமையிலிருந்து நானே எழுதுகிறேன்” என்றார் அன்பர்.