பனிமலைக்குப் போகும் குடும்பம்: ஒரு கொள்முதல் கணக்கு

பிள்ளைகளை அமெரிக்காவில் குடியமர்த்திவிட்ட வணிகக் குடும்பங்கள் நம்மிடையே இன்று நிறைய உண்டு. குளிர்கால விடுமுறை நெருங்கினால் அங்கிருந்து போனில் ஒரே பேச்சுதான். "பனிச்சறுக்குக்குப் போகிறோம் அப்பா, நீங்களும் அம்மாவும் வாருங்களேன்" என்பார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் அந்தச் செலவுப் பட்டியலைப் பார்க்கிறவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். சம்பாதிக்கிற பிள்ளைகள் விலை கேட்காமல் வாங்குகிற இடம் இது. கொள்முதல் தெரிந்த நாம் பக்கத்தில் இருந்தால் பாதிச் செலவைக் குறைத்துவிடலாம் என்பது நம் எண்ணம்.

முதலில் இந்தத் தொழில் பிறந்த கதை. வாழை மண்டிக்காரர்கள் கேட்டால் மகிழ்வார்கள். 1930களில் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியின் தலைவராக இருந்தவர் ஆவரல் ஹாரிமன். குளிர்காலத்திலும் ரயிலுக்குப் பயணிகள் வேண்டுமே என்று யோசித்த அவர், ஐடஹோ மாநிலத்தில் கெச்சம் என்ற ஊருக்குப் பக்கத்தில் சன் வேலி என்ற பனிச்சறுக்கு விடுதியைக் கட்டி 1936 டிசம்பரில் திறந்தார். சறுக்கி இறங்குவது சரி, மேலே ஏறுவது எப்படி? கம்பெனியின் பொறியாளர்களில் ஜேம்ஸ் கரன் என்பவர், அதற்குமுன் வெப்பநாட்டுத் துறைமுகத்தில் வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றும் வட இழுவையில் வேலை பார்த்தவர். ஓடுகிற கம்பிவடத்தில் கொக்கி, கொக்கியில் தார். கொக்கிக்குப் பதில் நாற்காலியை மாட்டினால் ஆளும் ஏறிவிடுவானே என்று அவருக்குத் தோன்றியது. உலகத்தின் முதல் சேர் லிஃப்ட் அதுதான். இன்றைக்கு ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான டாலர் கேட்கிற நாற்காலியின் பாட்டன் ஒரு வாழைத்தார்க் கொக்கி!

மலைக்காரன் விற்கும் சரக்கு என்ன என்று பார்த்தால், அந்த நாற்காலியில் ஏறும் உரிமைதான். லிஃப்ட் டிக்கெட் என்பார்கள். இது தக்காளியைவிட மோசமான அழுகல் சரக்கு. இன்றைய டிக்கெட்டை நாளைக்கு விற்க முடியாது. அதோடு பனி பெய்தால்தான் கூட்டம், பெய்யாவிட்டால் கல்லா காலி. சம்பளமும் மின்சாரமும் மட்டும் நிற்காது. மேற்கு மாநிலங்களில் பெரும்பாலான மலைகள் அரசாங்கத்தின் வனத்துறை நிலத்தில் உரிமம் பெற்று நடப்பவை என்பதால் அந்தக் கட்டணமும் உண்டு.

இந்தத் தலைவலிக்கு 2008-ல் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். கொலராடோவில் வேல், பிரெக்கன்ரிட்ஜ், கீஸ்டோன் முதலிய மலைகளை வைத்திருக்கும் வேல் ரிசார்ட்ஸ் கம்பெனி, எபிக் பாஸ் என்ற பருவச் சீட்டை 579 டாலருக்கு விட்டது. பருவம் முழுக்க அவர்களுடைய மலைகளில் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஏறலாம். ஒரே நிபந்தனை, பனி விழுமுன்பே பணம் கட்டிவிட வேண்டும். அறுவடைக்கு முன்னால் நெல்லுக்கு முன்பணம் கொடுப்பது நமக்குத் தெரியும். இங்கே முன்பணம் கொடுப்பவர் சில்லறை வாடிக்கையாளர்! மழைக்கும் பனிக்கும் பொறுப்பு அவர் தலையில் ஏறிவிட்டது, மலைக்காரன் கையில் கோடைக்காலத்திலேயே ரொக்கம் வந்துவிட்டது. 2018-ல் ஆல்டெரா என்ற இன்னொரு கம்பெனி ஐகான் பாஸ் என்று போட்டிக்கு வந்தது. இன்று பெரிய மலைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு சீட்டுகளில் ஒன்றுக்குள் அடக்கம்.

முன்கூட்டி வாங்க வைக்க வேண்டுமானால் அன்றன்றைக்கு வாங்குகிறவனுக்கு விலை கசக்க வேண்டும் அல்லவா? அதையும் செய்தார்கள். 2024-25 பருவத்தில் சில பெரிய மலைகளில், கூட்ட நாட்களில் கவுண்டரில் ஒருநாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டியது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் நாலு நாள் சறுக்குவதாக வைத்துக்கொள்வோம். தலைக்கு 300 என்றால் பெரியவர்கள் இருவருக்கு மட்டுமே 2,400 டாலர். பருவம் முழுவதற்குமான எபிக் பாஸ் 2025-26-க்கு ஆளுக்கு ஆயிரம் டாலருக்குச் சற்று மேல். ஆக நாலு நாள் கவுண்டர் விலையைவிட முழுப் பருவச் சீட்டு மலிவு! இந்த விசித்திரம் புரியாமல் டிசம்பர் கடைசியில் போய்க் கவுண்டரில் நிற்கும் குடும்பங்களின் பணம்தான் அந்த மலைகளுக்குக் கொழுத்த லாபம்.

முழுச் சீட்டுகூடத் தேவையில்லை. ஒன்று முதல் ஏழு வரை எத்தனை நாள் என்று முன்கூட்டியே சொல்லி வாங்கும் நாள்சீட்டும் உண்டு. மூன்று நாள், நாலு நாள் போகிற குடும்பத்துக்கு அதுவே போதும். கூட்ட நாட்களை விலக்கிய சீட்டு இன்னும் மலிவு. இவையெல்லாம் வசந்தத்தில் விற்பனை தொடங்கும்போது குறைந்த விலை, பிறகு படிப்படியாக ஏற்றம், டிசம்பர் தொடக்கத்தில் கடையை மூடிவிடுவார்கள். ஆகவே முடிவு எடுக்கவேண்டிய மாதம் செப்டம்பர். அதற்குப் பிறகு "யோசிக்கலாம்" என்பதற்கு ஒரு விலை இருக்கிறது.

எந்த நாளில் போவது என்பதும் விலைதான். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் வார இறுதி, பிப்ரவரியில் அதிபர்கள் தின வார இறுதி, மார்ச் மாதப் பள்ளி விடுமுறை ஆகியவை உச்சம். அறை வாடகை, விமானக் கட்டணம், வரிசை எல்லாமே அப்போது ஏறும். புத்தாண்டு முடிந்து கிங் வார இறுதிக்கு முந்தைய நாட்கள் ஓரளவு இறக்கம். ஏப்ரல் முதல் வாரமும் அப்படித்தான். பனி சற்று இளகியிருக்கும், முதல்முறை போகும் பிள்ளைகளுக்கு அதனால் குறையொன்றும் இல்லை. ஒரு வாரம் பள்ளிக்கு விடுப்பு எடுப்பதா என்று மருமகள்கள் கேட்பார்கள். அதில் நாம் தலையிடுவதற்கில்லை.

எல்லா மலையும் பெரிய கம்பெனியின் மலை அல்ல. இதை நம் சில்லறைக் கடைக்காரர்கள் கவனமாகப் படிக்கவேண்டும். வெர்மாண்ட் மாநிலத்தில் மேட் ரிவர் க்ளென் என்ற மலை இருக்கிறது. 1995-ல் அதன் உரிமையாளர் விற்க முன்வந்தபோது, அங்கே சறுக்க வந்துகொண்டிருந்த வாடிக்கையாளர்களே பங்கு போட்டுக் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து வாங்கிவிட்டார்கள். இன்றும் அதை நடத்துவது அந்தச் சங்கம்தான். ஒருவர் மட்டும் உட்காரும் பழைய ஒற்றை நாற்காலி லிஃப்ட்டைக் கழற்றாமல் புதுப்பித்து ஓட்டுகிறார்கள். மொன்டானாவில் போஸ்மன் ஊருக்குப் பக்கத்தில் பிரிட்ஜர் போல் என்ற மலை லாபநோக்கு இல்லாத ஊர் அமைப்பின் கையில் இருக்கிறது. இத்தகைய மலைகளில் ஆடம்பரம் குறைவு, விலையும் குறைவு. முதல்முறை கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு ஐயாயிரம் ஏக்கர் மலை எதற்கு? பச்சை வட்டம் போட்ட எளிய சரிவு இரண்டு இருந்தால் நாலு நாளும் அங்கேயேதான் விழுந்து எழும். பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். இந்த மூன்று குறிகளைத் தெரிந்துகொண்டால் போதும், இளவட்டங்கள் வற்புறுத்தினாலும் கறுப்புப் பக்கம் போகவேண்டாம்.

கொலராடோ, யூட்டா போன்ற மாநிலங்களில் மலைகளின் வணிகச் சங்கங்கள் சேர்ந்து, தொடக்கப்பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் ஒரு சீட்டு தருகின்றன. பல மலைகளில் சில நாட்கள் வீதம் ஏறலாம். பேரப்பிள்ளை அந்த வயதில் இருந்தால் தவறாமல் விசாரிக்கச் சொல்லுங்கள். போட்டிக் கடைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து நாளைய வாடிக்கையாளரை இன்றே பழக்குகிறார்கள். மிட்டாய் கொடுத்துக் குழந்தையைக் கடைக்கு வரவழைக்கிற பழைய வித்தைதான்!

இனி சில்லறைச் செலவுகள். சறுக்குக் கட்டை, பூட்ஸ், கைக்கோல், தலைக்கவசம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். மலையடிவாரக் கடையில் வாடகை அதிகம், சில மைல் தள்ளி ஊருக்குள் இருக்கும் கடையில் குறைவு. எடை, உயரம், வயது ஆகியவற்றைக் கேட்டுத்தான் பூட்ஸைக் கட்டையில் பிடிக்கும் கொக்கியை முறுக்கி வைப்பார்கள். விழும்போது அது சரியான வேளையில் கழன்றால்தான் கால் தப்பும். இந்த இடத்தில் எடையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. பிள்ளைகளுக்கான முழுநாள் பயிற்சி வகுப்பு விலை அதிகம்தான், ஆனால் பல இடங்களில் மதிய உணவும் அதில் சேர்த்தி. வகுப்பில் இடம் முன்பதிவிலேயே தீர்ந்துவிடும். அப்பாவே சொல்லிக்கொடுப்பது என்ற சிக்கனத்தை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். பருத்தித் துணி ஈரமானால் காயாது, உடலைச் சில்லிட வைக்கும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழைதான் போடவேண்டும்.

தங்குவதற்குச் சமையலறை உள்ள வீடாகப் பார்க்கவேண்டும், அதுவும் மலையடிவாரத்தில் வேண்டாம். பிரெக்கன்ரிட்ஜுக்குப் பதில் பிரிஸ்கோ, டில்லன் போன்ற பக்கத்து ஊர்களில் தங்கினால் அந்த வட்டாரத்தின் இலவச பஸ் இருக்கிறது. யூட்டாவில் சால்ட் லேக் சிட்டியிலேயே தங்கி, ஆல்டா போன்ற மலைகளுக்குக் குளிர்கால பஸ்ஸில் போய் வரலாம். கார் கொண்டுபோனால் பல மலைகளில் வண்டி நிறுத்தவே கட்டணமும் முன்பதிவும் உண்டு. மலை உச்சிச் சிற்றுண்டிச் சாலையில் நாலு பேர் சாப்பிடும் பணத்தில் கீழே ஒரு வாரத்து மளிகை வாங்கிவிடலாம். டென்வரிலும் சால்ட் லேக் சிட்டியிலும் இந்திய மளிகைக் கடைகள் உண்டு. அரிசி, பருப்பு, எண்ணெயை அங்கேயே வாங்கிக்கொண்டு மலை ஏறுவது உத்தமம். ஒரு குக்கர் கட்டாயம் வேண்டும். பிரெக்கன்ரிட்ஜ் 9,600 அடி, நம் தொட்டபெட்டாவைவிட ஆயிரம் அடி உயரம். அங்கே தண்ணீர் சுமார் 90 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் ஆகும்.

அந்த உயரத்தில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை சகஜம். விமானம் இறங்கியதும் நேரே மேலே போகாமல், 5,280 அடியில் இருக்கும் டென்வரில் ஒரு இரவு தங்கினால் உடம்பு பழகும். தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். இதய நோய், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறவே கூடாது. டென்வரிலிருந்து வேல் சுமார் 100 மைல், ஒரே நெடுஞ்சாலை. சனி காலை ஏறுவதும் ஞாயிறு மாலை இறங்குவதும் அங்கே நெரிசலுக்குப் பேர்போனவை.

முன்பணம் கட்டியவருக்குச் சரக்கு வந்து சேராவிட்டால்? இதுவும் நடந்திருக்கிறது. 2020 மார்ச் நடுவில் கொரோனாவால் மலைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. சீட்டு வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பவில்லை, அடுத்த பருவச் சீட்டில் ஒரு பங்கு கழிவு என்றார்கள். அதன் பிறகுதான் வேல் கம்பெனி, சீட்டோடு சேர்த்தே ஒரு பாதுகாப்புத் திட்டம் கொண்டுவந்தது. யூட்டாவின் பார்க் சிட்டி மலையில் 2024 டிசம்பர் 27 முதல் 2025 ஜனவரி 8 வரை மலைக்காவல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொடக்கச் சம்பளம் மணிக்கு 21 டாலரிலிருந்து 23 ஆக வேண்டும் என்பது கோரிக்கை. சறுக்குத்தடங்களைச் சோதித்துத் திறக்கிறவர்கள் அவர்கள்தான். ஆளில்லாமல் பாதி மலை மூடிக்கிடக்க, ஆயிரக்கணக்கில் செலவழித்து வந்த குடும்பங்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. சம்பளமும் கொடுத்து, கடைசியில் வாடிக்கையாளருக்குக் கழிவும் கொடுத்தார்கள். இரண்டு டாலரை முதலிலேயே கொடுத்திருக்கலாம் என்பது நம் கருத்து. அதே மலைக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. முன்பு அதை நடத்தியவர்கள் குத்தகையைப் புதுப்பிக்கும் கடிதத்தை 2011-ல் சில நாள் தாமதமாகக் கொடுத்தார்கள். வழக்கு நடந்து, 2014-ல் 18 கோடியே 25 லட்சம் டாலருக்கு மலையே கைமாறியது. வாடகைக் கடையில் இருக்கும் அன்பர்கள் தங்கள் ஒப்பந்தத் தேதியை இன்றைக்கே எடுத்துப் பார்ப்பது நல்லது.

கடைசியாக இன்சூரன்ஸ். மலையில் விழுந்தவரைப் பாரவண்டியில் கீழே கொண்டுவருவதற்கு மலைக்காவலர்கள் பொதுவாகப் பணம் கேட்பதில்லை. கீழே ஆம்புலன்ஸ் கதவு மூடியதும் மீட்டர் ஓடத் தொடங்கும். இங்கிருந்து போகும் பெற்றோருக்கு எடுக்கும் பயண இன்சூரன்ஸ் பலவற்றில் பனிச்சறுக்கு விபத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருக்கும், அதை வாங்குமுன்பே தேடிப் படிக்கவேண்டும். அந்த வரி இருந்தால் தாத்தாவும் பாட்டியும் கட்டை கட்டவேண்டாம். கண்ணாடிப் பெட்டி போன்ற கொண்டோலாவில் வேடிக்கை பார்க்க மட்டும் டிக்கெட் வாங்கி மேலே போய், பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து எழுவதைப் பார்த்துக்கொண்டு, பிளாஸ்கில் கொண்டுபோன காபியைக் குடித்துவிட்டு இறங்கலாம்.