பூமராங் திரும்பி வரலையா? பிடியை மாத்துங்க!

ஸ்வீட் பாக்ஸ் அட்டையில் ஆசையாகப் பூமராங் செய்து எறிந்தால், நேராகப் போய் பக்கத்து மாடியில் விழுகிறதா? பெரும்பாலும் தப்பு அட்டையில் இல்லை, எறிகிற விதத்தில்தான்.

எப்படிச் செய்வது?
15 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலத்தில் 3 அட்டைப் பட்டைகள் போதும். சீலிங் ஃபேன் இறக்கை போல விரித்து, முனைகள் சேரும் நடுவில் ஸ்டேப்ளர் அடியுங்கள். மூன்றையும் ஒரே பக்கமாக லேசாக வளையுங்கள்.

எப்படி எறிவது?
தட்டு வீசுவதுபோலப் படுக்கையாக வீசாதீங்க. ஏறக்குறைய செங்குத்தாக, வளைந்த பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டி விடுங்கள். பலத்தைவிடச் சுழற்சிதான் முக்கியம்.

ஏன் திரும்புகிறது?
மேலே வரும் இறக்கை, பூமராங் போகும் திசையிலேயே சுழல்கிறது. கீழே இருப்பது எதிர்த்திசையில். அதனால் மேல் இறக்கையில் காற்று வேகமாகப் பட்டு அதிகமாகத் தள்ளுகிறது. சுழலாத பொருள் என்றால் கவிழ்ந்துவிடும். சுழல்வதால், சாய்ந்து உருளும் நாணயம் வளைந்து ஓடுவதுபோலத் திசை திரும்புகிறது.

மரத்தில் செய்யலாமா?
அவசரப்படாதீங்க. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் கங்காரு வேட்டைக்கு எறிந்த கனமான தடிகள் திரும்பி வராது. விலங்கை வீழ்த்தவே செய்தவை. பிளைவுட் பூமராங்கும் முகத்தில் பட்டால் காயம்தான். ஆளில்லாத மைதானத்தில், காற்று குறைந்த காலையில் எறியுங்கள். மெதுவாக வந்தால் கைதட்டுவதுபோல இரு உள்ளங்கைக்கு நடுவே பிடிக்கலாம். வேகமா வந்தா? பிடிக்காதீங்க, விலகிடுங்க!