குறி தவறுவது ஏன்?

காஞ்சிபுரத்தில் பட்டையும் ஜரிகையையும் நிறுத்துத்தான் தறிக்காரரிடம் கொடுப்பார்கள். நெய்து வந்த சேலையையும் நிறுத்துப் பார்ப்பார்கள். நெடுந்தூர இலக்கைச் சுடும் போட்டி வீரருக்கும் தராசு முக்கியம். தோட்டாக்கள் எல்லாவற்றிலும் வெடிமருந்து ஒரே எடையில் இருக்கவேண்டும். ஏன் தெரியுமா?

இலக்கு 800 மீட்டர் தொலைவில் இருக்கிறது. குண்டின் வேகம் வினாடிக்கு 800 மீட்டர் என்போம். காற்றுத் தடையை விட்டுவிட்டால், போய்ச்சேர ஒரு வினாடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை 4.9 மீட்டர் கீழே இழுத்துவிடும். அடுத்த தோட்டாவில் மருந்து சற்றுக் குறைந்து, வேகம் 780 மீட்டர் ஆனால்? நேரம் 1.026 வினாடி, இறக்கம் ஏறக்குறைய 5.15 மீட்டர். குறி 25 சென்டிமீட்டர் தவறிவிட்டது! காற்றுத் தடையையும் சேர்த்தால் வேறுபாடு இன்னும் கூடும்.

இவ்வளவு வேகத்தை அளப்பது எப்படி? வழி காட்டியவர் ஆங்கிலேயரான பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் வெளியிட்ட நூலில் அவர் அதை விளக்கினார். கனத்த மரக்கட்டையை ஊசல்போலத் தொங்கவிட்டுச் சுட்டார். குண்டு கட்டையில் புதைய, அதன் உந்தம் கட்டைக்கு மாறியது. கட்டை ஆடிய அளவிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். காற்றுத் தடை அதுவரை எண்ணியதைவிட மிகப் பெரிது என்பதும் இதனால் விளங்கியது.

கோட்டைகளைச் செப்பனிடக் கம்பெனியின் பொறியாளராக நம் நாட்டுக்கு வந்த ராபின்ஸ், 1751இல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார்.

வெடிமருந்து விளையாட்டுப் பொருளன்று. ஆனால் ஊசல் சோதனையை நீங்களும் செய்யலாம். அட்டைப் பெட்டியொன்றை நூலில் தொங்கவிட்டு, ஈரக் களிமண் உருண்டையை அதன்மேல் எறியுங்கள். வேகமாக எறிந்தால் ஆட்டம் எவ்வளவு கூடுகிறது? அளந்து பாருங்கள்!